காருக்கு ஒரு விலை, கதைக்கு ஒரு விலை

"காசு குடுத்து வாங்கின பதிலை நம்பலாமோ, கணக்கு?"

நீ என்னிடம் கேட்ட கேள்விகளில் இந்த ஒன்றுக்குத்தான் நான் விடை சொல்லவில்லை. கணிதம் படிப்பித்ததால் என்னை நீ பெயர் சொல்லி அழைத்ததே இல்லை. "கணக்கு" என்றுதான் கூப்பிடுவாய். ஸ்கந்தபுரத்திலிருந்து அக்கராயனுக்குத் திரும்பும் வழியில், லொறியின் முன் ஆசனத்தில் நீ நடுவிலும் நான் ஓரத்திலுமாக இருந்தோம். பின்னால் உன் கார் கயிறுகளுக்குள் கிடந்து முனகிக்கொண்டு வந்தது. நீ கேட்டுவிட்டு வீதியைப் பார்த்தாய். நானும் வீதியைப் பார்த்தேன்.

இப்போது அந்தக் கார் என் வளவில், ஜாம் மரத்துக்குக் கீழே நிற்கிறது. மழை பெய்து விட்டால் இருக்கைப் பஞ்சுக்குள்ளிருந்து மண்ணெண்ணெய் மணக்கும். பெற்றோல் வராத காலத்தில் ஊற்றியதை அது இன்னும் கக்கிக்கொண்டிருக்கிறது. முந்தாநாள் அந்த மணத்துக்குள் நின்றுகொண்டு ஒருவர் விலை கேட்டார். கொழும்பிலிருந்து வந்தவர். இப்படியான பழைய கார்களை வாங்கித் திருத்தி, கலியாணங்களுக்கு வாடகைக்கு விடுகிறாராம். சுற்றிச் சுற்றி வந்து, பின்பக்க இடது கதவைப் பிடித்து இழுத்தார். அது வரவில்லை.

"கதவு ஒட்டிட்டுது அம்மா. இதுக்கெண்டே விலையிலை கழிக்கவேணும்" என்றார்.

அதைக் கேட்டதும் உனக்கு எழுதவேண்டும் போலிருந்தது.

அந்தக் கதவின் கதை எனக்குத் தெரியும். உன் கணவர் காரை வாடகைக்கு, ஹயர் ஓடிய நாட்களில், பரந்தனுக்குக் கிட்ட ஒரு எருமை வந்து இடித்தது. எருமை எழும்பிப் போய்விட்டது. கதவு மட்டும் உள்ளே வளைந்து போயிற்று. அதற்குப் பிறகு அதைத் திறக்க ஒரு வழிதான் இருந்தது. கைபிடியை மேலே தூக்கிக்கொண்டு, அதற்குக் கீழே முழங்காலால் ஒரு இடி இடிக்க வேண்டும். பரீட்சைக் கடமைக்கு நாங்கள் அந்தக் காரில் போகும்போதெல்லாம் அவர் கண்ணாடிக்குள்ளால் பார்த்து, "முழங்கால், ரீச்சர், முழங்கால்!" என்று கத்துவார். சேலையோடு நான் படும் பாட்டைப் பார்த்து நீ சிரிப்பாய். ஒஸ்ரின் ஏ போட்டி, அந்தப் பழைய ஏ-40 கார். போத்தல் பச்சை நிறம். பேருந்துக்கு நின்று களைத்தவர்கள் அதன் சத்தம் கேட்டாலே பையைத் தூக்கிவிடுவார்கள்.

போரின் கடைசி இடப்பெயர்வில் நான் வவுனியாவில் இருந்தேன். நீங்கள் இரண்டு பேரும் காரில் வீட்டுச் சாமான்களை ஏற்றிக்கொண்டு, ஊர் ஊராகக் கிழக்கே போனீர்கள். புதுக்குடியிருப்புக்கு அப்பால் ஓரிடத்தில் மண்ணெண்ணெயும் முடிந்தது. "நீ சனத்தோடை முன்னாலை நட. நான் ஒரு போத்தில் எண்ணெய் எடுத்துக்கொண்டு காரோடை வாறன்" என்று அவர் சொன்னதாக அகதி முகாமில் வைத்து என்னிடம் சொன்னாய். ஸ்ரேறிங்கில் ஒரு கையும், வெளியே ஒரு கையுமாக இருந்தாராம். நீ பார்த்த கடைசி அது. அதற்குப் பிறகு அவரைக் கண்டவர்களும் இல்லை, செத்துக் கிடக்கக் கண்டவர்களும் இல்லை.

அதனால் நீ பொட்டு வைத்தாய். தாலிக்கொடி போட்டாய். செத்தவர்களுக்குச் செய்கிற அந்தியேட்டியைச் செய்யவில்லை. பிள்ளைகளும் இல்லாததால் உன் நெற்றியைப் பற்றி முடிவெடுக்க நீ ஒருத்திதான் இருந்தாய்.

நீ சாதுவான பெண் என்று எழுதினால் கிளிநொச்சிச் சந்தை முழுவதும் சிரிக்கும். உன்னோடு சந்தைக்கு வர எனக்குப் பயம். மீன்காரரின் பெட்டிக்குள் எட்டிப் பார்த்து, "இதுக்கு அந்தியேட்டியும் முடிஞ்சிருக்கும் போலை" என்பாய். அந்த மனிதர் முகம் கறுத்து விலையைக் குறைப்பார். வர்த்தகம் படிப்பித்தவள் நீ. வகுப்பில் சொன்னதைவிடச் சந்தையில் சொன்னதுதான் அதிகம். "விருப்பத்தைக் காட்டினால் விலை ஏறும்." "தேத்தண்ணி குடிச்சால் விலை குறைக்கேலாது." பேரம் முடிந்ததும், விற்றவர் ஏதும் முணுமுணுக்கத் தொடங்கினால், கையை வெட்டிச் சொல்வாய்: "விலை முடிஞ்சால் பிறகு கதை இல்லை."

காரைக் கண்டுபிடித்தவர் பளையில் கராஜ் வைத்திருப்பவர். பழைய ஒஸ்ரின்களுக்குச் சாமான் தேடி வன்னி முழுவதும் அலைகிறவர். "ஸ்கந்தபுரத்திலை ஒரு வளவுக்குள்ளை ஏ போட்டி ஒண்டு நிக்குது ரீச்சர். போத்தல் பச்சை. நம்பர் பிளேட் இல்லை. ஒரு கதவு திறக்குதில்லை" என்று அவர் சொன்னபோது நீ வெற்றிலைக்கொடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாய். ஊற்றி முடித்துவிட்டுத்தான் திரும்பினாய்.

காரின் பதிவுப் புத்தகத்தை முகாமுக்குள்ளும் பத்திரமாக வைத்திருந்தவள் நீ. பொலிசுக்குப் போகலாமே என்றேன்.

"பொலிசுக்குப் போனால் கார் வரும். கதை வராது" என்றாய். "கார் நிண்ட இடம் அதை வைச்சிருக்கிறவைக்குத்தானே தெரியும். அதுக்குள்ளை ஆள் இருந்ததோ இல்லையோ எண்டு அவைக்குத்தானே தெரியும். பொலிசைக் கூட்டிக்கொண்டு போனால் வாய் திறப்பினமோ?"

"அப்ப போன உடனை கேளன்."

"உனக்குக் கணக்கு மட்டும்தான் தெரியும். முதல் கேட்டால் இது எங்கடை கார் எண்டு விளங்கிவிடும். பென்சன் காசிலை வாங்கேலாத விலை சொல்லுவினம். முதல் விலை. முடிஞ்சாப் பிறகு, ஒரு தேத்தண்ணி வாங்கிக் குடிச்சுக்கொண்டு, சும்மா கேக்கிற மாதிரிக் கேப்பன்."

வரிசை சரியாகத்தான் இருக்கிறது என்று நானும் நினைத்தேன்.

அந்த வளவில் காரின் முன்பக்கம் முருங்கைக்குக் கீழேயும், பின்பக்கம் வெயிலிலும் நின்றது. விளக்குகள் இருந்த இரண்டு குழிக்குள்ளும் கோழிகள். வீட்டுக்காரி எங்கள் வயதை ஒட்டிய பெண். கணவர் பாம்பு கடித்துப் போய்ச் சில வருடங்கள். பெண்பிள்ளைகள் இரண்டு பேரையும் கட்டிக் கொடுத்துவிட்டுத் தனியே தோட்டம் செய்கிறா. கதிரைகளை முந்தானையால் துடைத்துப் போட்டா. கேத்தலை வைக்கப் போனா.

"தேத்தண்ணி வேண்டாம்" என்றாய்.

"வெயிலுக்குள்ளாலை வந்தனியள்…"

"குடிச்சிட்டுத்தான் வந்தனாங்கள். சாமானைக் காட்டுங்கோ."

கராஜ்காரர் திருப்புளியால் அடித்தட்டைக் குத்தினார். குத்திய இடமெல்லாம் உள்ளே போயிற்று. முன்னால் கம்பியைப் போட்டுச் சுற்றிப் பார்த்தார். எஞ்சின் இறுகிக் கிடந்தது. கீழே படுத்துச் செசியின் இரும்புச் சட்டத்தைத் தட்டினார். எழும்பி வந்து, "பொடித் தகரமெல்லாம் உக்கிப் போச்சு. செசி நல்லம். எஞ்சின் வெடிக்கேல்லை, மினைக்கெட்டால் கழற்றலாம். இரும்பு விலையைவிடக் கூடவும் குடுக்கலாம், ஆனா ஓடுற கார் விலை கேக்கேலாது" என்று இரண்டு பேருக்கும் கேட்கத்தான் சொன்னார்.

வீட்டுக்காரி ஒரு போக நெல்லின் விலையைச் சொன்னா. நீ வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாய்.

"இரும்புக்காரன் தராசோடை வருவான், அவனிட்டைக் கேட்டுப் பாருங்கோ அக்கா."

"இது செல்லடிக்குள்ளை நிண்ட கார் ரீச்சர். கடைசி நாளுகளிலை நாங்கள் இதுக்குப் பக்கத்திலைதான் பங்கர் வெட்டி இருந்தனாங்கள். பிறகு குடியேறினாப் போலை, என்ரை மனுசன் தேடிப் போய் உழவு மிசினிலை கட்டி இழுத்துக்கொண்டு வந்தது."

நீ குடையை மடக்கினாய். இப்போது கேட்பாய் என்று நினைத்தேன். நீயோ குடையின் நுனியால் இருக்கையைக் குத்தினாய்.

"உங்கடை மனுசனுக்கு வேறை வேலை இருக்கேல்லைப் போலை. கோழி இருந்தாலே வியாதி வரும். இதுக்குள்ளை மனுசர் இருப்பினமோ?"

வீட்டுக்காரி இருக்கைப் பக்கம் திரும்பிப் பார்த்தா. பிறகு சொன்னா: "நாங்கள் இருந்தனாங்கள், ரீச்சர். வந்த புதுசிலை வீடு இல்லை. நானும் ரெண்டு பெட்டையளும், மாரி முழுக்க இதுக்குள்ளைதான் படுத்தது."

"அதுதான் இந்த நாத்தம்."

நான் உன் சேலையைப் பிடித்து இழுத்தேன். கராஜ்காரர் குனிந்து, கழன்று விழாத ஆணி ஒன்றைத் தேடினார். நீ அதைக் கோபத்தில் சொல்லவில்லை. விலை குறைக்கச் சொன்னாய். ஆனால் கேட்டவாவுக்கு அந்த வித்தியாசம் எப்படித் தெரியும்?

விலை குறைந்தது. இன்னும் குறைந்தது. அரைப் போக விலையில் வந்து நின்றது. கராஜ்காரர் தலையாட்டினார்; அது நியாயம்தான். பனங்கிழங்கை இரண்டு பிள்ளைகளுக்குப் பங்கிடும்போது ஒருவனை முறிக்க விட்டு மற்றவனை எடுக்க விடவேண்டும் என்று வகுப்பில் உதாரணம் சொல்வேன். முறிக்கிறவன் சரியாக முறிப்பான். நியாய விலை என்பது அவ்வளவுதான். இங்கே காரும் அப்படித்தான் முறிந்தது. இரண்டு பேருக்கும் கொஞ்சம் நோகும்படியாக.

"முடிஞ்சுது" என்றாய். "விலை முடிஞ்சால் பிறகு கதை இல்லை, அக்கா."

"ஓம். கதை இல்லை" என்றா அவா.

உன் தோள்கள் இறங்கின. காரைச் சுற்றி நடந்தாய். அந்தப் பின்பக்க இடது கதவடிக்கு வந்தாய். உன் கை போனதை நீ பார்த்திருக்க மாட்டாய். கைபிடியைத் தூக்கி, முழங்காலால் ஒரு இடி. தன் கணவர் அலவாங்கு போட்டு நெம்பியும் அசையவில்லை என்று வீட்டுக்காரி சொன்ன கதவு, வாசலுக்கு வந்த விருந்தாளிக்குத் திறப்பது போல அகலத் திறந்தது.

கோழிகள் எல்லாம் வெளியே பாய்ந்தன.

வீட்டுக்காரி கதவைப் பார்த்தா. உன் முழங்காலில் ஒட்டியிருந்த துருவைப் பார்த்தா. கடைசியாக உன் பொட்டைப் பார்த்தா.

"வாங்க வந்தனியளோ, கேக்க வந்தனியளோ?"

உன் வாய் திறந்தது. சந்தையே பயந்த வாய் அது. ஒரு சொல்லும் வரவில்லை.

"காருக்கு விலை முடிஞ்சுது ரீச்சர். அதிலை நான் பேச்சு மாறமாட்டன்" என்றா. "கதைக்கு இன்னும் விலை பேசேல்லை. காருக்கு எவ்வளவோ, கதைக்கும் அவ்வளவு."

"என்ன அக்கா, மனுசத்தன்மை இல்லையோ?" என்று கராஜ்காரர் பாய்ந்தார்.

"நாறின இடத்திலை மனுசர் இல்லையெண்டு இப்பத்தானே சொன்னவா."

விருப்பத்தைக் காட்டினால் விலை ஏறும் என்பது உன் பாடம். உன் சொல்லை வைத்தே உன்னிடம் விலை கேட்ட ஒரே ஆள் அவாதான். நீ குறைத்துக் கேட்கவில்லை. உன் வாழ்க்கையில் நீ பேரம் பேசாத விலை அது ஒன்றுதான்.

அடுத்த கிழமை லொறியோடு போனோம். கார்க் காசு உன் பென்சனிலிருந்து வந்தது. கதைக் காசுக்குத் தாலிக்கொடியை வங்கியில் அடைவு வைத்தாய். அவர் இருக்கிறாரா இல்லையா என்று அறிய, அவர் இருக்கிறார் என்பதற்குக் கழுத்தில் கிடந்த ஒரே சாட்சியைக் கொடுத்தாய். கொள்விலை, விற்பனை விலை, இலாபம், நட்டம் என்று வருடக்கணக்காகப் பிள்ளைகளுக்கு நிரல் கீறிக் காட்டியிருக்கிறேன். இந்தக் கொடுக்கல் வாங்கலை எந்த நிரலில் எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

வீட்டுக்காரி வெறுங்கழுத்தைக் கவனித்தா. காசை மடியில் செருகிக்கொண்டு நின்றபடியே சொன்னா:

"நாங்கள் போன நேரம் ஒருத்தரும் இருக்கேல்லை. சாவி ஓட்டையிலை திறப்புப் போட்டபடி கிடந்தது."

"சேட்டு? செருப்பு?"

"ஒண்டும் இல்லை."

"ரத்தம்?"

"இல்லை."

"வேறை ஆரும் ஏதும் சொன்னவையோ?"

"அது எனக்குத் தெரியாத கதை. தெரியாத கதைக்கு நான் காசு வாங்கேல்லை."

அவ்வளவுதான். நாங்கள் அங்கே குடித்தது ஒரு செம்பு தண்ணீர். அதுவும் லொறிக்காரர் கேட்டு வாங்கியது. திரும்பி வரும்போதுதான் என்னிடம் அதைக் கேட்டாய். பிறகு இன்னொன்றும் கேட்டாய்: "கூடக் குடுத்திருந்தால் வேறை பதில் வந்திருக்குமோ?"

அதற்குப் பிறகுதான் கொடுமை தொடங்கியது. காலையில் உன் வீட்டுப் படலையைத் திறக்கும்போது, இன்றைக்கு எந்த முகம் இருக்கும் என்று எனக்குத் தெரியாது. சில நாள் பொட்டோடு நிற்பாய். அன்று அந்தப் பெண் உண்மை சொன்னாள் என்று உனக்குப் பட்டிருக்கும்: அவர் காரை விட்டு இறங்கி எங்கேயோ போயிருக்கிறார். சில நாள் வெறும் நெற்றி. அன்று, நாற்றம் என்று சொன்னதற்குப் பழி வாங்க அவள் உள்ளதை மறைத்துவிட்டாள் என்று பட்டிருக்கும். கோயில் வாசலில் பூக்கட்டுகிற பெண்கள் உன்னைக் கண்டால் தங்களுக்குள், "இண்டைக்கு மனுசன் இருக்கிறாராம்" என்பார்கள். மறுநாள், "இண்டைக்கு இல்லையாம்." உன் காதில் விழும்படிதான் சொன்னார்கள். நீ திருப்பி ஒன்றும் சொல்லவில்லை. மீன்காரரிடம்கூடச் சொன்ன விலைக்கு வாங்கத் தொடங்கியிருந்தாய். அவர் என்னைத் தனியே கூப்பிட்டு, "ரீச்சருக்கு என்ன வருத்தம்?" என்று கேட்டார்.

காரைத் திருத்தலாம் என்று கராஜ்காரர் இரண்டு மூன்று தரம் வந்தார். "திருத்தினால் ஓடும். ஓடினால் எங்கை போறது?" என்று அனுப்பிவிட்டாய்.

நீ கிணற்றடியில் விழுந்து உயிர் போன அன்று செத்தவீட்டுக்கு வந்த பெண்கள் உன்னைக் குளிப்பாட்டிவிட்டு, கூறை உடுத்துவதா வெள்ளை உடுத்துவதா என்று நின்றார்கள். ஒருத்தி குங்குமச் சிமிழை எடுத்தாள், மற்றவள் தடுத்தாள். கடைசியில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"விழுந்த அண்டைக்குக் காலமை பொட்டு வைச்சிருந்தவாவோ, ரீச்சர்?"

"ஓம்" என்றேன். உண்மை அதுதான்.

பிரச்சினை தீர்ந்தது. கூறை உடுத்திக் குங்குமம் வைத்தார்கள். நீ ஒரு நாள் பிந்தியோ முந்தியோ விழுந்திருந்தால் உன் கணவர் இறந்திருப்பார். இப்போது ஊர்க் கணக்கில் அவர் உயிரோடிருக்கிறார்.

பெட்டி மூடுவதற்கு முன் ஸ்கந்தபுரத்து அவா வந்தா. யார் சொல்லி வந்தாவோ தெரியாது. உன் நெற்றியைப் பார்த்தபடி நின்றா. வெளியே வந்து செருப்பைப் போடும்போது என்னிடம், "அண்டைக்கு வந்த உடனை கேட்டிருந்தால் சும்மா சொல்லியிருப்பன், ரீச்சர். தேத்தண்ணிக்குத் தண்ணியும் கொதிச்சது" என்றா.

"அப்ப காசு வாங்கிக்கொண்டு சொன்னது உண்மையோ?"

செருப்பு வாரைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்தா. குரலில் கோபமில்லை.

"விலை முடிஞ்சால் பிறகு கதை இல்லை எண்டு அவாதானே சொன்னவா."

படலையைச் சாத்திவிட்டுப் போய்விட்டா.

உன் வீட்டை உன் தமையனின் மகன் எடுத்துக்கொண்டான். காரை எடுக்க ஆள் இல்லை. கராஜ்காரர் கட்டி இழுத்து வந்து என் வளவில் விட்டார். முந்தாநாள் வந்தவருக்கு, விலை முடியும் முன்பே நான் எல்லாவற்றையும் சொன்னேன். யாருடைய கார், எங்கே நின்றது, யார் அதற்குள் படுத்தார்கள், கதவு ஏன் அப்படி. முழங்காலால் இடித்துத் திறந்தும் காட்டினேன். அவர் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுக் கையைத் துடைத்தார். "உப்பிடியான காரிலை பொம்பிளை மாப்பிளை ஏறுவினமோ அம்மா?" என்று, முதலில் சொன்ன விலையில் பாதியைச் சொன்னார். உண்மை சொன்னதற்கு எனக்கு நட்டம். நான் விற்கவில்லை.

என் முழங்காலில் இன்றைக்கும் துரு ஒட்டியிருக்கிறது. உன் கேள்வியும் அப்படியே இருக்கிறது. நம்பலாமோ என்பதற்கு என்னிடம் இன்னும் விடை இல்லை. உன் வரிசை எங்கே பிழையாகிப் போனது என்பது மட்டும் இப்போது தெரிகிறது.

இதை வாசிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். செய்து பாருங்கள். அடுத்த முறை ஒரு வளவுக்குள் விலை பேசப் போனால், தருகிற தேத்தண்ணியை வாங்கிக் குடியுங்கள். கேட்க வந்ததை முதலில் கேளுங்கள்.